ட்ரூ ப்ளூ என்டர்டெயின்மென்ட்: வட்டார விளையாட்டுகளை நம்பி நின்ற ஒரு கேம் வெளியீட்டு நிறுவனம்

கேட்கப்பட்டவை மூன்று. ஆஸ்திரேலியாவின் ட்ரூ ப்ளூ என்டர்டெயின்மென்ட் போல, ஒரு நாட்டின் சில மாநிலங்களில் மட்டும் ஆடப்படும் விளையாட்டுகளுக்கென்றே வீடியோ கேம் வெளியிட்ட நிறுவனம் எப்படித் தாக்குப்பிடித்தது என்பது முதல் கேள்வி. இஏ (எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்) போன்ற பெரிய கேம் நிறுவனங்கள் அந்தச் சந்தையை ஏன் விட்டுவிட்டுப் போயின என்பது இரண்டாவது. அண்மைக் காலத்தில் ட்ரூ ப்ளூவின் பெயர் முன்போலக் கண்ணில் படாதது ஏன் என்பது மூன்றாவது. மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த நிறுவனத்தின் உண்மையான சொத்து, விளையாட்டு லீகுகளோடு அதற்கிருந்த உரிம உறவும் கடைகளோடு அதற்கிருந்த விநியோக உறவுமே. கேம்களை அது தன் கையால் உருவாக்கவில்லை. அந்த இரண்டு உறவுகளுக்கும் மதிப்பு இருந்த வரையில் அது அசையாமல் நின்றது. கேம்கள் கடைத் தட்டிலிருந்து இணைய விற்பனைக்கு நகர்ந்து, உருவாக்கும் ஸ்டுடியோக்களுக்குச் சொந்தக் கால் முளைத்தபோது நடுவில் நின்றவரின் இடம் சுருங்கிப்போனது.

ட்ரூ ப்ளூ தனியாக முளைத்த நிறுவனம் இல்லை. ஹெச்இஎஸ் எனப்படும் ஹோம் என்டர்டெயின்மென்ட் சப்ளையர்ஸ் என்ற ஆஸ்திரேலிய விநியோக நிறுவனத்தின் வெளியீட்டுப் பிரிவு அது. இந்தத் தாய் நிறுவனத்தின் பழைய வரலாறு சேகரிப்பாளர்களுக்கு நன்றாகத் தெரியும். நின்டெண்டோவின் என்இஎஸ் கன்சோல் ஆஸ்திரேலியாவில் விற்ற காலத்தில், நின்டெண்டோவின் அனுமதி பெறாத கேம்களை ஹெச்இஎஸ் விற்றது. அந்தக் கன்சோலுக்குள் ஒரு பூட்டுச் சில்லு உண்டு. கார்ட்ரிட்ஜில் அதற்கு இணையான சில்லு இல்லாவிட்டால் கேம் ஓடாது. ஹெச்இஎஸ் விற்ற சில கார்ட்ரிட்ஜுகளின் தலையில் இன்னொரு கார்ட்ரிட்ஜைச் செருகும் வாய் இருந்தது. வாங்கியவர் தன்னிடமுள்ள அசல் நின்டெண்டோ கார்ட்ரிட்ஜ் ஒன்றை அந்த வாயில் பொருத்தி, இரண்டையும் சேர்த்துக் கன்சோலில் இறக்க வேண்டும். அசல் கார்ட்ரிட்ஜின் சில்லு பூட்டைத் திறக்கும். கீழே உள்ள ஹெச்இஎஸ் கேம் ஓடும். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. கேம் உருவாக்கும் கலையில் பெயர் எடுத்த நிறுவனமாக இல்லாமல், எந்தப் பொருளை எந்தக் கடையில் எந்த விலைக்கு வைத்தால் விற்கும் என்பதை அறிந்த வியாபார நிறுவனமாகவே அது வளர்ந்தது. பின்னாளில் விளையாட்டு கேம்களுக்கு வந்தபோதும் அந்த அறிவுதான் அதன் மூலதனம்.

அடுத்து, அந்த நாட்டின் விளையாட்டு வரைபடத்தைப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் குளிர்கால விளையாட்டு எது என்று கேட்டால் கிடைக்கும் விடை, பதில் சொல்பவர் எந்த மாநிலத்தவர் என்பதைப் பொறுத்தது. விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா, மேற்கு ஆஸ்திரேலியா, தாஸ்மேனியா ஆகியவற்றில் ஏஎஃப்எல் எனப்படும் ஆஸ்திரேலிய கால்பந்து. நியூ சவுத் வேல்ஸிலும் குயின்ஸ்லாந்திலும் என்ஆர்எல் நடத்தும் ரக்பி லீக். இவ்விரண்டு உலகங்களையும் பிரிக்கும் கற்பனைக் கோட்டுக்கு, புகழ்பெற்ற ஆட்டக்காரரும் பயிற்சியாளருமான ரான் பராஸியின் பெயரை இட்டு, பராஸி கோடு என்று 1978-இல் வரலாற்றாசிரியர் இயன் டர்னர் அழைத்தார். பெயர் வேடிக்கையாக வைக்கப்பட்டதுதான்; ஆனாலும் அது இன்றுவரை வழக்கில் இருக்கிறது. கோட்டைத் தாண்டிச் சென்ற அணிகளும் உண்டு. சிட்னியில் ஏஎஃப்எல் அணியான ஸ்வான்ஸ், மெல்பர்னில் ரக்பி லீக் அணியான ஸ்டார்ம். இருந்தாலும் ஓர் ஏஎஃப்எல் கேமை வெளியிடுபவர் ஏறக்குறைய இரண்டே முக்கால் கோடி மக்கள் கொண்ட நாட்டின் முழுச் சந்தையைக் கணக்கில் கொள்ள முடியாது. அதில் பாதியை நம்பித்தான் முதலீடு செய்ய வேண்டும். ஏஎஃப்எல் கேமுக்கு ஏற்றுமதி என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. ரக்பி லீகுக்கு மட்டும் கொஞ்சம் ஆறுதல் உண்டு: நியூசிலாந்திலும், இங்கிலாந்தின் வடபகுதியில் சூப்பர் லீக் நடக்கும் ஊர்களிலும், பிரான்சின் தெற்கிலும் அதற்கு ரசிகர்கள் உள்ளனர். பப்புவா நியூ கினியில் அது மக்களின் உயிர் விளையாட்டு என்றே சொல்லலாம். ஆனால் கன்சோல் கேம் விற்கும் சந்தையாக அந்த நாட்டைக் கருத முடியாது.

பெரிய நிறுவனங்கள் இந்தப் பக்கமே வரவில்லை என்று சொல்வது சரியாகாது. மெல்பர்னின் பீம் சாஃப்ட்வேர் உருவாக்கிய ஆஸ்திரேலிய கால்பந்து கேம் ஒன்று 1991-இல் என்இஎஸ்ஸுக்கு வந்தது. இஏ நிறுவனம் 1995-இல் மெகா டிரைவ் கன்சோலுக்கு ஒரு ரக்பி லீக் கேமை வெளியிட்டது. தொடர்ந்து ஏஎஃப்எல் 98, ஏஎஃப்எல் 99 ஆகிய இரண்டையும் தன் விளையாட்டு முத்திரையின் கீழ் கொண்டுவந்தது. பிறகு அந்த உரிமம் அக்லெய்ம் நிறுவனத்திடம் சென்றது. மெல்பர்னின் ஐஆர் குருஸ் ஸ்டுடியோ கேமை உருவாக்கியது. 2004-இல் அக்லெய்ம் திவாலாயிற்று. அதே வரிசை டிஹெச்க்யூவிடம் போய், அங்கிருந்து சோனியிடம் வந்து, 2007-ஆம் ஆண்டு ப்ளேஸ்டேஷன் 2 பதிப்போடு நின்றது. பத்தாண்டுகளுக்குள் நான்கு வெளியீட்டாளர்கள். அவர்களில் எவருக்கும் ஏஎஃப்எல் முதன்மைத் தொழில் இல்லை. ஆஸ்திரேலியக் கிளை அலுவலகத்தின் ஆண்டுக் கணக்கில் வந்து சேரும் ஒரு சிறு வரவு, அவ்வளவே. தலைமையகத்தில் செலவைக் குறைக்க முடிவெடுக்கும் நாளில் முதலில் வெட்டப்படுவது அப்படிப்பட்ட வரிதான். அக்லெய்மின் வீழ்ச்சிக்கும் ஆஸ்திரேலிய கால்பந்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் அதன் அடி மெல்பர்னில் விழுந்தது.

கிரிக்கெட்டிலும், ரக்பியின் இன்னொரு வடிவமான ரக்பி யூனியனிலும் நடந்ததும் இதுவே. கனடாவின் ஹெச்பி ஸ்டுடியோஸைக் கொண்டு இஏ இரண்டு வரிசைகளையும் நடத்திவந்தது. 2006-இன் இறுதியில் வந்த கிரிக்கெட் 07, 2007-இல் வந்த ரக்பி 08 ஆகியவற்றுக்குப் பிறகு இரண்டையும் கைவிட்டது. நம் ஊர் வாசகர்களுக்குக் கிரிக்கெட் 07-ஐ அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வெளியிட்டவரே விட்டுப்போன கேமை, புதிய சட்டைகளும் புதிய ஆட்டக்காரர்களும் கொண்ட பேட்சுகளை ரசிகர்களே செய்து ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருந்தார்கள். ஆட ஆள் இருந்தும் பெரிய நிறுவனம் விலகியதற்குக் காரணம் அந்தத் தலைமுறை மாற்றத்தில் இருக்கிறது என்பது என் கணிப்பு. ப்ளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 ஆகியவற்றுக்குக் கேம் செய்யும் செலவு முந்தைய தலைமுறையைவிடப் பன்மடங்கு ஏறியது. அந்தச் செலவை உலகம் முழுவதும் விற்கும் ஃபிஃபா கால்பந்து கேமால் தாங்க முடியும். சில நாடுகளில் மட்டும் விற்கும் ரக்பியால் முடியாது. கிரிக்கெட்டின் கதை இன்னும் சிக்கலானது. அதன் ரசிகர்கள் கோடிக்கணக்கில் இருந்த தெற்காசியாவில் அன்று முழு விலை கொடுத்து அசல் கேம் தட்டு (டிஸ்க்) வாங்கியவர்கள் மிகக் குறைவு.

இந்தப் பின்னணியில்தான் ட்ரூ ப்ளூவின் முதல் பெரிய கேமைப் பார்க்க வேண்டும். 2003-இன் இறுதியில் ரக்பி லீக் என்ற பெயரிலேயே அந்தக் கேம் வெளிவந்தது. உருவாக்கியது நியூசிலாந்தின் வெலிங்டனில் இருந்த சிதே இன்டராக்டிவ். இன்று பிக்பாக் என்ற பெயரில் கைபேசி கேம்களுக்குப் புகழ்பெற்றிருப்பது அதே நிறுவனம்தான். தட்டுக்குள் இருந்தது ஒரே கேம். ஆஸ்திரேலியக் கடைகளில் அதன் உறையில் என்ஆர்எல் என்ற பெயர் இருந்தது. பிரிட்டனில் சூப்பர் லீகின் பெயர். நியூசிலாந்தில் வாரியர்ஸ் அணியின் மக்கள் நாயகனான ஸ்டேசி ஜோன்ஸின் பெயர். எட்டு ஆண்டுகள் கழித்து, 2011-இல் அதே ஸ்டுடியோவைக் கொண்டு ரக்பி யூனியன் கேம் வெளியிட்டபோதும் இதே வழி பின்பற்றப்பட்டது: நியூசிலாந்தில் அதன் தேசிய அணியான ஆல் பிளாக்ஸ், ஆஸ்திரேலியாவில் அதன் தேசிய அணியான வாலபீஸ், ஐரோப்பாவில் புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஜோனா லோமு. வட்டாரத்துக்கு விற்பது என்றால் என்னவென்று இந்த உறைகளைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது. பொதுப்பெயரோடு ஒரே உறையை உலகம் முழுதும் அனுப்பும் பெரிய நிறுவனத்துக்கு இப்படி யோசிக்கத் தேவையே எழுவதில்லை. ட்ரூ ப்ளூவுக்கோ ஒவ்வோர் ஊரிலும் தந்தை தன் மகனுக்காகக் கடையில் எந்த உறையைக் கையில் எடுப்பார் என்பதுதான் கணக்கு.

அந்த 2011-ஆம் ஆண்டு இன்னொரு விதத்திலும் கவனிக்கத்தக்கது. ரக்பி உலகக் கோப்பை நியூசிலாந்தில் நடந்தது. கோப்பையின் அதிகாரப்பூர்வ கேமை 505 கேம்ஸ் வெளியிட்டது; அதில் போட்டியை நடத்திய நாட்டின் அணிக்கே உரிமம் இல்லை. ட்ரூ ப்ளூவின் கேமில் உலகக் கோப்பை என்ற பெயர் இல்லை. ஆனால் ஆல் பிளாக்ஸும் வாலபீஸும் தம் அசல் சட்டையில் இருந்தார்கள். போட்டியின் பெயரைவிடத் தம் அணியின் சட்டைதான் அந்த ஊர் மக்களுக்கு முக்கியம் என்று கணித்தது சரியான முடிவு என்பதில் எனக்கு ஐயமில்லை.

தொழில்நுட்பத்தில் பின்தங்கி நிற்க அந்த நிறுவனம் தயங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2005-இல் வந்த ரக்பி லீக் 2-இன் உலகக் கோப்பைப் பதிப்பு 2008-இல், ப்ளேஸ்டேஷன் 3 வந்து ஈராண்டுக்குப் பிறகு, ப்ளேஸ்டேஷன் 2-க்கு வெளியானது. விமர்சகர்களுக்கு அது பழைய சோறு. ஆனால் ஆஸ்திரேலிய வீடுகளில் அதிகம் இருந்தது அந்தப் பழைய கன்சோல்தான். கையில் தயாராக இருந்ததும் அதற்கான நிரல்தான். பிறகு 2010-இல் நின்டெண்டோவின் வீ (Wii) கன்சோலுக்கு ரக்பி லீக் 3 வந்தது. அதே ஆண்டில் மெல்பர்னின் பிக் ஆன்ட் ஸ்டுடியோஸ் உருவாக்கிய ரக்பி லீக் லைவ் வழியாகத்தான் ட்ரூ ப்ளூ அடுத்த தலைமுறைக் கன்சோல்களுக்கு முழுமையாக நகர்ந்தது.

பணம் எப்படி ஓடுகிறது என்பதைச் சொல்லாமல் இந்தப் பதில் நிறைவடையாது. விளையாட்டு கேம் ஒன்றுக்கு லீகின் உரிமம் வேண்டும். கிளப்புகளின் சின்னம், சட்டை, மைதானப் பெயர்கள் அதில் அடங்கும். ஆட்டக்காரர்களின் பெயரையும் முகத்தையும் பயன்படுத்தப் பெரும்பாலும் ஆட்டக்காரர் சங்கத்தோடு தனியாகப் பேச வேண்டும். உரிமத்துக்கு விற்பனையில் ஒரு பங்கு போகும். விற்றாலும் விற்காவிட்டாலும் தந்தே தீர வேண்டிய அடித்தொகை ஒன்றும் வழக்கமாக அதோடு சேர்ந்திருக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் கன்சோல் நிறுவனத்துக்குக் கட்டணம், கடைக்காரருக்குப் பங்கு, விற்காமல் திரும்பும் தட்டுகளின் இழப்பு. இவை அனைத்தும் கழிந்த பிறகு மிஞ்சுவதில்தான் ஸ்டுடியோவின் ஓராண்டு, ஈராண்டுச் சம்பளம் அடங்க வேண்டும். இத்தனைக்கும் மேல் காலக்கெடு வேறு உண்டு. இரண்டு லீகுகளின் பருவமும் மார்ச்சில் தொடங்கிச் செப்டம்பர் இறுதியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ முடிந்துவிடும். பருவத் தொடக்கம், இறுதிச் சுற்றுகள், கிறிஸ்துமஸ் ஆகியவைதான் கடையில் கேம் நகரும் நேரங்கள். ஆஸ்திரேலியாவில் தந்தையர் தினம் செப்டம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை, அதாவது இறுதிச் சுற்றுகளுக்குச் சரியாக முன்னால் வருகிறது. ரக்பி லீக் லைவ், ரக்பி லீக் லைவ் 3, ஏஎஃப்எல் லைவ் 2 ஆகியவை செப்டம்பரில் வெளியானதைத் தற்செயல் என்று நான் கருதவில்லை. அணி மாற்றங்கள், புதிய சட்டைகள், புதிதாகச் சேரும் கிளப்புகள் என்று ஆண்டுதோறும் மாறுவதை எல்லாம் கேம் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏஎஃப்எல் லைவ் 2011-இல் வந்தபோது 17 கிளப்புகள். அடுத்த ஆண்டே 18.

இவ்வளவு நெருக்கடியான கணக்கு ஸ்டுடியோக்களுக்கு நன்மையாக முடிந்த ஒரு காலம் உண்டு. அதிகம் பேசப்படாத பகுதி என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். 2000-களில் ஆஸ்திரேலிய கேம் தொழில் பெரும்பாலும் அமெரிக்க வெளியீட்டாளர்களுக்கு ஒப்பந்த வேலை செய்து பிழைத்தது. ஆஸ்திரேலிய டாலர் மலிவாக இருந்தவரை அந்த ஏற்பாடு நன்றாக நடந்தது. உலக நிதி நெருக்கடியில் அமெரிக்க நிறுவனங்கள் வெளி வேலைகளைக் குறைத்தன. அதற்குச் சற்றுப் பிந்தி, கனிமங்களின் விலையேற்றத்தால் ஆஸ்திரேலிய டாலர் ஏறி 2010-இன் இறுதியில் அமெரிக்க டாலரை எட்டியது. மலிவு என்ற ஒரே காரணமும் போயிற்று. பாண்டமிக் என்ற கேம் நிறுவனத்தின் பிரிஸ்பேன் ஸ்டுடியோ 2009-இல் மூடப்பட்டது. ஐஆர் குருஸ் என்ற பெயரை மாற்றிக்கொண்டு இயங்கிய டிரான்ஸ்மிஷன் கேம்ஸும் அதே ஆண்டில் போனது. 2011-இல் டிஹெச்க்யூ தன் பிரிஸ்பேன் ஸ்டுடியோவையும் மெல்பர்னின் புளூ டங்கையும் மூடியது. சிட்னியின் டீம் போண்டியும் அந்த ஆண்டில் கலைந்தது. அந்த நாட்களில் உள்ளூர் மக்களிடம் விற்று, உள்ளூர் டாலரில் சம்பாதித்த கேம்களை நாணய மாற்று விகிதத்தால் தொட முடியவில்லை. பிக் ஆன்ட், விக்கிட் விட்ச் ஆகிய இரண்டு மெல்பர்ன் ஸ்டுடியோக்களுக்கும் அந்தக் கடுமையான ஆண்டுகளில் ட்ரூ ப்ளூவின் ரக்பி லீக், ஏஎஃப்எல் வேலைகள் தொடர்ந்து கிடைத்தன. உலகச் சந்தையில் அற்பமாகத் தெரிந்த ஒரு வரிசை, பலரின் வேலையைக் காத்த வரிசையாயிற்று. ஆஸ்திரேலிய கேம் வரலாற்றை எழுதுபவர்கள் இதற்கு ஒரு பத்திகூட ஒதுக்காமல் கடந்துபோவது எனக்கு வருத்தமளிக்கிறது.

உருவாக்குபவர்களின் வேலை எவ்வளவு கடினமானது என்பதைப் பார்த்தால் அந்த வருத்தம் கூடும். ரக்பி லீக் ஓரளவு நிரலுக்கு அடங்கும் விளையாட்டு. அணிக்கு 13 பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள்கள் (பந்தோடு ஓடுபவரை எதிரணி பிடித்து நிறுத்துவது டேக்கிள்). ஒவ்வொரு டேக்கிளுக்குப் பிறகும் ஆட்டம் ஒரு கணம் நிற்கும், தடுக்கும் அணி பத்து மீட்டர் பின்வாங்கும், மறுபடி வரிசைகள் நேரெதிரே அமையும். கணினி ஆட்டக்காரர்களுக்குத் தம் இடம் எது என்று தெரியும். ஆஸ்திரேலிய கால்பந்தில் அப்படி எந்த நங்கூரமும் கிடையாது. நீள்வட்ட மைதானம், அதன் அளவும் ஊருக்கு ஊர் வேறுபடும், சிட்னி மைதானம் மெல்பர்ன் மைதானத்தைவிட நீளத்தில் குறைவு. ஒரு பக்கத்துக்கு 18 பேர், மொத்தம் 36 பேர். ஆஃப்சைடு இல்லாததால் எவரும் எங்கும் நிற்கலாம். பந்து எந்தத் திசைக்கும் போகலாம். பந்தோடு ஓடுபவர் 15 மீட்டருக்கு ஒரு முறை அதைத் தரையில் தட்டவோ தொடவோ வேண்டும், கொடுக்க வேண்டுமானால் உதைக்கலாம், அல்லது ஒரு கையில் ஏந்தி மறு கை முட்டியால் குத்தலாம், எறியக் கூடாது.

அந்த விளையாட்டின் உயிர் மார்க்கில் இருக்கிறது. உதைத்த பந்து குறைந்தது 15 மீட்டர் கடந்து, இடையில் எவரும் தொடாமல் கைக்குள் வந்தால் அது மார்க். பிடித்தவருக்குத் தடையின்றி உதைக்கும் உரிமை கிடைக்கும். பந்து உயரத்திலிருந்து இறங்கும்போது கீழே நாலைந்து பேர் முட்டிமோதுவார்கள். பின்னாலிருந்து ஓடிவரும் ஒருவர், முன்னால் நிற்பவரின் தோளில் முழங்காலை ஊன்றி எழும்பி அந்தரத்தில் பந்தைப் பறிப்பார். அரங்கில் எல்லாரும் எழுந்து நிற்கும் கணம் அது. இதைத் திரையில் கொண்டுவர வேண்டுமானால் இரண்டு உடல்களும் ஒன்றையொன்று உண்மையாகத் தொட வேண்டும். ஏறுபவரின் வேகம், நிற்பவரின் சாய்வு, பந்தின் இறக்கம் ஆகிய மூன்றும் அந்த நொடியில் ஒத்துவர வேண்டும். கையில் கட்டுப்பாட்டுக் கருவி வைத்திருப்பவருக்கு எப்போது குதிக்க வேண்டும் என்பதும் முன்கூட்டியே புரிய வேண்டும். ஃபிஃபாவுக்காக எழுதிய எந்த நிரலும் இங்கே உதவாது. இதைச் செய்ய ஏஎஃப்எல் கேம்களுக்குக் கிடைத்த ஆளும் பணமும் ஃபிஃபா குழுவோடு ஒப்பிடக்கூட முடியாத அளவுக்குச் சிறியவை. ஏஎஃப்எல் லைவ், ஏஎஃப்எல் லைவ் 2, 2017-இன் ஏஎஃப்எல் எவல்யூஷன், 2020-இல் வந்த அதன் இரண்டாம் பாகம் ஆகியவற்றின் மார்க் அசைவுகளில் குறை கண்டவர்கள் பலர், குறைகள் உண்மையானவைதான். நான் அவற்றைப் பார்க்கும்போது இவ்வளவு தூரம் வந்தார்களே என்ற மதிப்பே மேலெழுகிறது.

ட்ரூ ப்ளூ வெளியிட்டவற்றில் நம்மவர்களுக்கு மிக நெருக்கமானது 2014-இல் வந்த டான் பிராட்மன் கிரிக்கெட் 14. உருவாக்கியது பிக் ஆன்ட். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், 2013 நவம்பரில், 505 கேம்ஸின் ஆஷஸ் கிரிக்கெட் 2013 மிக மோசமான நிலையில் விற்பனைக்கு வந்து சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டு, வாங்கியவர்களுக்குப் பணமும் திருப்பித் தரப்பட்டது. கிரிக்கெட் கேம் என்றாலே ஐயத்தோடு பார்க்கப்பட்ட அந்த நேரத்தில் வந்த பிராட்மன் கேம், பழைய மரபு ஒன்றை உடைத்தது. அதுவரை வந்த கிரிக்கெட் கேம்களில் பந்து விழப்போகும் இடத்தை ஆடுகளத்தில் ஒரு குறி முன்கூட்டியே காட்டிவிடும். மட்டையாளர் பொத்தானை அழுத்தும் நேரத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். பிக் ஆன்ட் அந்தக் குறியை எடுத்துவிட்டது. பந்து கையை விட்டுப் பிரியும் கணத்தைக் கவனித்து, கட்டுப்பாட்டுக் கருவியின் இடது குச்சியால் காலை முன்னாலோ பின்னாலோ நகர்த்தி, வலது குச்சியால் அடிக்கும் திசையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பந்துவீசுவதற்கும் பொத்தானை மட்டும் நம்ப முடியாது. வலது குச்சியைக் கீழே இழுத்து, சரியான நொடியில் மேலே தள்ளினால்தான் பந்து ஒழுங்காகப் பிரியும். முதல் சில மணி நேரம் எவரையும் திணறடிக்கும் முறை அது. பழகிய பிறகு, ஒரு வேகப்பந்தை விட்டுவிடுவதில்கூட மகிழ்ச்சி இருக்கிறது என்று உணரவைத்த முதல் கேம் எனக்குத் தெரிந்து அதுதான்.

உரிமம் என்ற தடையை அந்தக் கேம் தாண்டிய விதமும் பாடமாகக் கொள்ளத்தக்கது. தேசிய அணிகளின் உரிமம் அதனிடம் இல்லை. பிராட்மனின் பெயர் இருந்தது. ஆகவே ஆட்டக்காரர்களையும் அணிகளையும் உருவாக்கும் கருவியைக் கிரிக்கெட் அகாடமி என்ற பெயரில் கேம் கடைக்கு வருமுன்பே ரசிகர்களிடம் கொடுத்துவிட்டார்கள். முகச்சாயல், நிற்கும் விதம், பந்துவீசும் அசைவு எல்லாவற்றையும் ரசிகர்கள் உழைத்து உருவாக்கிப் பகிர்ந்தார்கள். கேம் வெளியானபோது இந்திய அணியையோ இலங்கை அணியையோ தேடிய ஒருவர், தம்மைப் போன்ற இன்னொரு ரசிகர் செய்த அணியைப் பதிவிறக்கி ஆட முடிந்தது. உரிமத்துக்குப் பெரும் பணம் இல்லாத வட்டார வெளியீட்டாளர் எவருக்கும் நான் பரிந்துரைக்கும் வழி இதுவே. இது வெறும் செலவுக் குறைப்பு உத்தி இல்லை. அதிகாரப்பூர்வ கேமில் ஒருபோதும் இடம்பெறாத உள்ளூர் கிளப்புக்கும் மாவட்ட அணிக்கும் இடம் கிடைப்பது இந்த வழியில்தான்.

இனி மூன்றாவது கேள்வி. பிக் ஆன்ட் இந்தக் கேம்களின் வழியே வளர்த்துக்கொண்ட தொழில்நுட்பமும் பெயரும் அதன் சொந்தச் சொத்தாயின. ஒரே அடித்தளத்தில் ரக்பி லீக், ஏஎஃப்எல், கிரிக்கெட், டென்னிஸ், லக்ராஸ் என்று எதை வேண்டுமானாலும் கட்டும் திறன் அதற்கு வந்தது. 2017-இல் கிரிக்கெட் ஆஸ்திரேலியாவின் உரிமத்தோடு ஆஷஸ் கிரிக்கெட்டைச் செய்தபோது வெளியீட்டாளர் கோச் மீடியா. ஆஸ்திரேலிய ஓப்பன் டென்னிஸ் கேமின் இரண்டாம் பாகத்தை 2020-இல் பிரான்சின் பிக்பென் வெளியிட்டது. அதன் கிளை நிறுவனமான நாகான் 2021 ஜனவரியில் பிக் ஆன்ட்டையே வாங்கிவிட்டது. பிறகு வந்த கிரிக்கெட் 22, கிரிக்கெட் 24, ஏஎஃப்எல் 23, 2025-இல் வந்த ரக்பி லீக் 26 ஆகியவை அனைத்தும் நாகானின் பெயரில் வந்தவை. லீகுகளின் பார்வையில் பார்த்தால் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை: கேமைச் செய்யும் ஸ்டுடியோவோடு நேரே ஒப்பந்தம், பின்னால் ஐரோப்பிய முதலீடு, தட்டு இல்லாமலே உலகெங்கும் விற்கும் இணையக் கடைகள். ஆஸ்திரேலியக் கடைத் தட்டுகளை நன்கறிந்த ஒரு நிறுவனத்தை இந்த ஏற்பாட்டில் எங்கே பொருத்துவது? உரிமம் காலம் முடிந்தால் லீகுக்குத் திரும்பிவிடும். ஸ்டுடியோவின் நிரல் ஸ்டுடியோவிடம் இருக்கும். ட்ரூ ப்ளூவிடம் மிஞ்சியது பழைய கேம்களின் பட்டியல்.

ஆனால் அந்தப் பொறுமையான இடைத்தரகர் போன பிறகு ரசிகருக்கு எல்லாம் மேம்பட்டுவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2017-இன் ரக்பி லீக் லைவ் 4-க்குப் பிறகு அடுத்த கன்சோல் ரக்பி லீக் கேமுக்கு ரசிகர்கள் எட்டு ஆண்டுகள் காத்திருந்தார்கள்; ட்ரூ ப்ளூவின் காலத்தில் அந்த இடைவெளி இரண்டு, மூன்று ஆண்டுகளைத் தாண்டியது அரிது. ஏஎஃப்எல் 23 வெளியானபோது வேலை முடியாமலே விற்பனைக்கு வந்துவிட்டது என்று ரசிகர்கள் கடுமையாகக் குறை கூறினார்கள். பின்னர் வந்த திருத்தங்கள் நிலையை ஓரளவு சரிசெய்தன. பெரிய நிறுவனத்தின் நீண்ட பட்டியலில் ஒரு வரியாக ஏஎஃப்எல் மறுபடியும் இடம்பெற்றிருக்கிறது. அக்லெய்மிடமும் சோனியிடமும் அது அப்படித்தான் இருந்தது. நாகானின் கணக்கில் அந்த வரி எத்தனை ஆண்டுகள் நிற்கும் என்பது, மெல்பர்னிலும் அடிலெய்டிலும் பெர்த்திலும் ஒவ்வொரு பதிப்பையும் எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்தது.